பொதிகை மலையின் ஆரோக்கியப்பச்சை: ரகசியம் சொன்ன காணி மக்களுக்கு என்ன கிடைச்சுது?

நம்ம வண்ணார்பேட்டையைத் தொட்டு ஓடுற தாமிரபரணி பிறக்கிற இடம், 1,868 மீட்டர் உயரப் பொதிகை மலை. அந்த மலைக்காட்டு நிழலில் வளர்ற சின்னச் செடிதான் ஆரோக்கியப்பச்சை.

என்ன நடந்தது?
1987-ல் கேரளப் பக்கக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் நடந்தே களைச்சுப் போனாங்க. வழிகாட்டியா வந்த காணி பழங்குடியினர் மட்டும் ஒரு பழத்தை மென்னுக்கிட்டே சோர்வில்லாம நடந்தாங்க. அவங்க கொடுத்ததைச் சாப்பிட்டதும் விஞ்ஞானிகளுக்கும் தெம்பு வந்துச்சு.

பணம் எப்படிப் பிரிஞ்சுது?
கேரள அரசின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் பாதி காணி மக்களுக்குன்னு முடிவாகி, 1997-ல் அறக்கட்டளையும் பதிவாச்சு.

ஏன் முக்கியம்?
பாரம்பரிய அறிவைப் பயன்படுத்தினா அதுக்குரிய பங்கைக் கொடுக்கணும்னு சொல்ற பல்லுயிர்ச் சட்டம் இந்தியாவில் வந்ததே 2002-ல்தான். அதுக்கு முன்னாடியே நடந்த ஒப்பந்தம் இது. ஆனா அந்த அறக்கட்டளை கேரளக் காணி மக்களுக்கானது. அதே மலையில், பாபநாசம் பக்கம் வாழ்ற நம்ம காணி மக்கள் அதில் சேரலை.