ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா? வாட்ஸை அப்புறம் பார்க்கலாம்... முதல்ல உங்க ஹாலைப் பாருங்க!

"சத்தமெல்லாம் நல்லாத்தான் வருது. ஆனா அவங்க என்ன பேசுறாங்கன்னுதான் புரியல."

ஹோம் தியேட்டர் வாங்கிய பல வீடுகளில் முதல் வாரமே கேட்கிற புலம்பல் இது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் மாமா வீட்டிலும் இதே கதைதான். புது வீடு கட்டி, சீட்டு எடுத்த பணத்தில் 5.1 ரிசீவர் ஒன்று வாங்கினார். பெங்களூருவில் வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து ஆளுயரத்துக்கு இரண்டு டவர் ஸ்பீக்கர்களை பாதி விலைக்குப் பிடித்தார். மற்றதை கடையில் சேர்த்துக்கொண்டார்.

பாட்டிக்கு வசனம் புரியவில்லை. சண்டைக் காட்சி வந்தால் ரிசீவரே 'டக்'கென்று அணைந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, "ரிசீவர் பத்தல சார், பெரிய மாடலுக்கு மாறுங்க" என்றார்களாம். அதாவது, இன்னொரு சீட்டு!

உண்மையில் பெரிய ரிசீவர் தேவையா? ஸ்பீக்கர், ரிசீவர், ஹால் இந்த மூன்றும் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பெட்டி, மூன்று வாட்ஸ்!

ரிசீவர் என்பது டிவி, செட்டாப் பாக்ஸ் போன்றவற்றிலிருந்து வரும் ஒலியை வாங்கி, பிரித்து, பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. 5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட் என ஐந்து ஸ்பீக்கர்கள். அந்த '.1' என்பது அடி சத்தத்துக்கான சப்வூஃபர்.

கடைக்குப் போனதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" 90-களில் டேப் ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு, பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் போட்டிருந்த 'பிஎம்பிஓ' வாட்ஸ் ஞாபகம் இருக்கும். ஒரு கணம் கூட தொடர்ந்து தர முடியாத கற்பனை எண் அது. அந்தப் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

இப்போதைய நல்ல பிராண்டுகள் அந்த அளவுக்கு ஏமாற்றுவதில்லை. ஆனாலும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற ஆரம்பநிலை 5.1 ரிசீவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இயக்கி, முழு ஒலி வரம்புக்கும் சுத்தமாக அளந்தால் 70 வாட்ஸ். ஒரே ஒரு ஸ்பீக்கரை ஒரே ஒரு சுருதியில் ஓட்டினால் 100 வாட்ஸ். ஒலி 10 சதவீதம் சிதைந்தாலும் பரவாயில்லை என்று அளந்தால் 135 வாட்ஸ். மூன்றும் ஒரே பெட்டிதான்! நாம் பார்க்க வேண்டியது அந்த 70-ஐ. ஐந்து ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் கத்தினால் அதிலும் குறையும்.

'அப்போ 140 வாட்ஸ் ரிசீவர் வாங்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகுமா?' ஆகாது. வாட்ஸ் இரட்டிப்பானால் ஒலி அளவு கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூட்டி வச்சிருக்காங்க போல' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று நாம் உணர வேண்டுமானால் சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேண்டும்.

கோயில் குழாய் ஸ்பீக்கர் சொல்லும் பாடம்

ஆடி மாதம் ஊர் ஊருக்கு மாரியம்மன் திருவிழா நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். புளியமரத்தில் கட்டிய ஒரு குழாய் ஸ்பீக்கர், அடுத்த ஊர் வரை பாட்டைக் கொண்டுபோகும். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபயர்தான்.

காரணம், அந்தக் குழாயின் சென்சிட்டிவிட்டி. ஒரு வாட்ஸ் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே இந்தக் கணக்கு. குழாய் ஸ்பீக்கரில் இது 100-ஐத் தாண்டும். வீட்டுக்கான ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 84-லிருந்து 92 வரை. (அதற்காக குழாய் ஸ்பீக்கரை ஹாலில் மாட்ட முடியாது. குரல் தகரம் மாதிரிதான் கேட்கும்.)

84 டெசிபல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கும் வித்தியாசம் வெறும் 6 என்று நினைக்காதீர்கள். 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்ஸில் தரும் சத்தத்தை, 84 டெசிபல் ஸ்பீக்கரில் கொண்டுவர 100 வாட்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த எண்ணைப் பார்த்தால், ரிசீவருக்குச் செலவு செய்யும் பணத்தில் பெரும்பகுதி மிச்சம்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஸ்பீக்கர் 87 டெசிபல். சோஃபா 10 அடி தள்ளி இருக்கிறது. ஒரே ஒரு வாட்ஸ் கொடுத்தாலே சோஃபாவுக்கு 77 டெசிபலுக்கு மேல் வந்து சேரும். சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல்தான். குண்டு வெடிக்கும் காட்சியில் 95 டெசிபல் வேண்டுமென்றாலும் 60 வாட்ஸ் சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடும். ஆக, 12-க்கு 16 அடி ஹாலுக்கு 70 வாட்ஸ் ரிசீவர் தாராளம்.

அப்புறம் ஏன் அணைந்தது?

வில்லன் வாட்ஸ் இல்லை, ஓம்.

ஸ்பீக்கரின் பின்பக்கம் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஓம் குறையக் குறைய பைப் அகலமாகிறது என்று அர்த்தம். 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் மாட்டினால், அதே வால்யூமில் ரிசீவரிலிருந்து இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அது தாங்காமல் ரிசீவர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அணைந்தது பழுது அல்ல, பாதுகாப்பு.

மாமா வாங்கிய டவர் இரண்டும் 4 ஓம். அவர் ரிசீவரின் பின்னால், ஸ்பீக்கர் வயர் செருகும் இடத்துக்கு மேலேயே '6-16 ஓம்' என்று அச்சடித்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. போதாததற்கு, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவரை வைத்துப் பூட்டியிருந்தார், தூசி படியக் கூடாதாம்! ஏப்ரல், மே மாத வெயிலில் அது அடுப்பு. ரிசீவருக்கு மேலே ஒரு சாண் அளவாவது காலியிடம் விட வேண்டும். மேலே செட்டாப் பாக்ஸையும் அடுக்கக் கூடாது.

சில ரிசீவர்களின் மெனுவில் 4 ஓம், 6 ஓம் என்று மாற்றும் வசதி இருக்கும். அது பெரும்பாலும் ரிசீவர் சூடாகாமலிருக்க சக்தியைக் குறைக்கும் ஏற்பாடு. அதை நம்பி 4 ஓம் வாங்குவதைவிட, முதலிலேயே 6 அல்லது 8 ஓம் ஸ்பீக்கர் எடுப்பது நல்லது.

வசனம் எங்கே போகிறது?

இதுதான் முக்கியமான இடம். நம் ஊர் புது வீட்டு ஹாலை யோசித்துப் பாருங்கள். காங்கிரீட் கூரை, புட்டி தேய்த்து வழவழவென்ற சுவர், வெர்டிஃபைடு டைல்ஸ் அல்லது கிரானைட் தரை. பக்கத்து கிருஷ்ணகிரியே கிரானைட்டுக்குப் பெயர் போனது, போடாமல் விடுவோமா? பார்க்க அழகு. ஆனால் இந்த ஆறு பக்கமும் ஒலிக்குக் கண்ணாடி மாதிரி. வந்த சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும்.

'கார்வை' என்று தமிழிசையில் ஒரு சொல் உண்டு. ஒரு சுரம் நின்று நீளும் நீட்சி. நாதஸ்வரத்துக்கு அது அழகு. வசனத்துக்கு எதிரி. 'போ' என்ற எழுத்தின் மிச்சம் அடங்குவதற்குள் 'டா' வந்து விழுந்தால் 'போடா' எப்படிக் கேட்கும்?

இதை அளந்து காட்டியவர் வாலஸ் சேபின். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேராசிரியர்கள் பேசுவது யாருக்கும் புரியவில்லை. 1895-ல் அந்தச் சிக்கல் இளம் இயற்பியல் ஆசிரியரான சேபினிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அறையில் பரப்பினார். ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். வெற்று அறையில் சுமார் 5.5 நொடி நீடித்த ஒலி, மெத்தைகள் கூடக் கூடக் குறைந்துகொண்டே வந்தது. இன்றும் அரங்கம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் அதிலிருந்து பிறந்ததுதான்.

அந்தச் சூத்திரத்தில் 12-க்கு 16, உயரம் 10 அடி என்று நம் ஹாலைப் போட்டால், கதவு ஜன்னல் சாத்திய வெற்று அறையில் ஒலி அடங்க 3 நொடிக்கு மேல் ஆகும். சினிமா பார்க்க அரை நொடிக்குள் இருந்தால் நல்லது. இந்தக் குறையை எந்த விலை ரிசீவராலும் சரிசெய்ய முடியாது. ரிசீவரோடு வரும் மைக் வைத்து 'ஆட்டோ செட்டப்' செய்தாலும் இது போகாது.

என்ன செய்யலாம்? சேபின் செய்ததைத்தான். துணி சோஃபா, கனமான திரைச்சீலை, டிவிக்கும் சோஃபாவுக்கும் நடுவே தரையில் தடிமனான விரிப்பு. பக்கத்து ஈரோடு மாவட்டத்து பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் கீச்சென்ற ஒலிகள் ஓரளவு அடங்கும். புத்தக அலமாரி இருந்தால் அதை சோஃபாவுக்குப் பின் சுவரில் வையுங்கள். குடும்பமே உட்கார்ந்து பார்ப்பதும் உதவும், மனித உடலும் ஒலியை உறிஞ்சும்!

கடையில் டெமோ கேட்கும்போது இதை மறக்காதீர்கள். சேலமோ பெங்களூருவோ, பெரிய கடைகளின் டெமோ அறைகளில் கார்ப்பெட்டும் சுவரில் பஞ்சுப் பலகையும் இருக்கும். அங்கே கேட்ட ஒலி வேறு, டைல்ஸ் போட்ட உங்கள் ஹாலில் வரப்போகும் ஒலி வேறு.

சதுர ஹாலா? உஷார்

அடி சத்தத்துக்கு இன்னொரு சிக்கல். 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி சிக்கிக்கொண்டு முழங்கும். ஹால் 12-க்கு 12 என்றால் இரண்டு பக்கமும் அதே ஒலி சேர்ந்து, ஒரு நாற்காலியில் 'தும்தும்' என்று நெஞ்சை அடிக்கும். அடுத்த நாற்காலியில் காணாமலே போகும். இங்கே 12 இன்ச் சப்வூஃபர் வைத்தால் தொல்லைதான் கூடும். 8 அல்லது 10 இன்ச் போதும்.

எங்கே வைப்பது? சப்வூஃபரை சோஃபா மேல், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்துப் பாட விடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போய், எந்த இடத்தில் அடி சத்தம் தெளிவாக இருக்கிறது என்று கேளுங்கள். அதுதான் அதன் இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரி, எதை வாங்குவது?

பணத்தில் பெரும்பங்கு சென்டர் ஸ்பீக்கருக்குப் போகட்டும். படத்தில் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. முன் ஸ்பீக்கர் இரண்டும் அதே கம்பெனி, அதே வரிசையாக இருந்தால் குரல் மாறாது. சென்டரை டிவிக்குக் கீழே அலமாரியின் உள்ளே தள்ளி வைக்காமல், விளிம்புவரை இழுத்து, முகத்தை நோக்கி லேசாக நிமிர்த்தி வையுங்கள்.

இந்த அளவு ஹாலுக்கு டவர் வேண்டாம் என்பதே நம் கருத்து. 5 அல்லது 6 இன்ச் வூஃபர் உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் போதும். ரிசீவர் மெனுவில் எல்லாவற்றையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தினால், அடி சத்தத்தை சப்வூஃபர் ஏற்றுக்கொள்ளும். ரிசீவருக்கும் பாரம் குறையும். சரவுண்ட் இரண்டும் உட்காருபவரின் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், காதுக்குச் சற்று மேலே.

டால்பி அட்மாஸ்? கூரையில் மோதித் திரும்பும் வகை ஸ்பீக்கர்களுக்குத் தட்டையான காங்கிரீட் கூரை வேண்டும். ஓட்டு வீடு, ஷீட் போட்ட வீடு என்றால் அந்தப் பணம் வீண். 10-க்கு 10 ஹாலாக இருந்தால், சப்வூஃபரோடு வரும் ஒரு நல்ல சவுண்ட்பாரே போதும், ரிசீவரே வேண்டாம்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே ஹாலுக்குப் போதுமானது. சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மாற்றி மாட்டினால் அடி சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். மூன்று முள் பிளக்கின் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைந்தால், குறை ஸ்பீக்கரில் இல்லை.

மாமா பெரிய ரிசீவர் வாங்கவில்லை. டவர் இரண்டையும் அதே நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு 8 ஓம் புக்ஷெல்ஃப் போட்டார், ஷோகேஸ் கதவைக் கழற்றினார், அத்தை திரைச்சீலை மாற்றினார். போன வாரம் போயிருந்தபோது பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வால்யூம் முன்பு இருந்ததில் பாதி. "இப்பதான் அந்த மாமியார்க்காரி என்ன பேசுறான்னே தெரியுது" என்றார். ஜமக்காளம் மட்டும் இன்னும் வரவில்லை. டைல்ஸ் மறைந்துவிடும் என்று மாமா இழுத்தடிக்கிறார்.