டெனிம் ஏன் கிழிகிறது?

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், சாரமும் ரப்பர்ச் செருப்புமாக மோட்டார் சைக்கிளில் விரைவோரையே கண்டு பழகியவர்கள், தடித்த டெனிம் காற்சட்டை அணிந்து வருபவனை மகா ஜாக்கிரதைக்காரன் என்று மதிப்பார்கள். அந்த மதிப்பில் பாதிதான் மெய். வண்டி சறுக்கி விழுகையில், சரீரத்தின் இயக்க சக்தி உராய்வினால் உஷ்ணமாகவும் இழைகளை அறுக்கும் வேலையாகவும் மாறுகிறது; குட்டையான பருத்தி நார்களை முறுக்கி நூற்ற சாதாரண டெனிம், தார் வீதியின் கூர்ங்கற்களில் கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிந்துவிடும். பாலியெஸ்டரோ சுமார் 260 பாகை செல்சியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். 1965இல் ஸ்டெபனி குவோலெக் செய்த ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்த கெவ்லார் முதலிய அரமிட் நார்களில், நீண்ட மூலக்கூறுகள் நேராக அணிவகுத்து ஒன்றையொன்று பற்றி நிற்பதால், அவை உருகுவதுமில்லை, எளிதில் அறுபடுவதுமில்லை.

ஆகவே அரமிட் உட்துணி தைத்த காற்சட்டையை வாங்குமுன் அதன் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள்: பெரும்பாலும் மஞ்சளாயிருக்கும் அந்த அரமிட் துணி முழங்காலோடு நின்றுவிடுகிறதா, இடுப்புவரை செல்கிறதா? மோட்டார் சைக்கிள் உடைகளுக்கான ஐரோப்பிய ஈஎன் 17092 நியமத்தின் ஏ, ஏஏ, ஏஏஏ என்னும் தரங்களுள், புத்தளத்து வெயிலில் அன்றாடப் பிரயாணத்துக்கு நடுத்தரமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். தாங்க முடியாத கனமுள்ள காற்சட்டை அலமாரியைத்தான் காக்கும். உராய்வைத் தாங்கும் துணி மோதலைத் தாங்காது. அதற்கு முழங்காற் கவசம் வேண்டும். அது நாம் நிற்கும்போது அல்ல, வண்டியில் அமர்ந்து காலை மடக்கும்போது முழங்கால் மீது பொருந்த வேண்டும்.

அரமிட்டுக்குச் சூரியனின் புற ஊதாக் கிரணங்கள் பகையாதலால், துவைத்தபின் உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போடாதீர்கள். துவைக்கையில் வெளுப்புத் திரவமும் சேர்க்காமல், நிழலிலேயே உலர்த்துங்கள்.