நீதிமன்றங்களும் மாற்று மின்வலுவும்

கொழும்பின் நீதிமன்றங்கள் பல ஒருங்கே அமைந்த இடம் புதுக்கடையாகும். அத்தகைய பொதுக் கட்டிடங்களுக்கு டீசல் மின்பிறப்பாக்கி ஒன்றிருப்பின் மின்தடைக்கு அஞ்சவேண்டுவதில்லை என்பது பலர் எண்ணம். அஃது அரைகுறை உண்மையே. எந்திரம் இயங்கிச் சுமையை ஏற்பதற்குச் சில விநாடிகள் கழியும். அதற்குள் கணினியில் எழுதப்படும் வாக்குமூலம் அழியலாம். மாடிப்படி இருளில் மூழ்கும். அவ்விடைவெளியை நிரப்புவது மின்கலம்.

எரிபொருட் குறை இதனினும் பெரிது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தன. அந்நியச் செலாவணி இன்மையால் அனல்மின் நிலையங்களுக்கு எண்ணெய் போதவில்லை. மின்பிறப்பாக்கிக்குரிய டீசலும் அதே காரணத்தாலேயே அரிதாயிற்று. இரண்டும் ஒருங்கே வீழுமாயின், பின்னதைக் காப்பு என்பது எங்ஙனம்?

கூரைமேற் சூரியத் தகடுகள் தக்க விடையெனத் தோன்றும். ஆயின், 2025 பெப்ரவரி 9ஆம் நாள் முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றால் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது என அறிவிக்கப்பட்டது. பகற்பொழுதாயினும் சாதாரணச் சூரியத் தகடுகள் அவ்வேளையில் உதவமாட்டா. கம்பிகளைச் செப்பனிடுவோர் உயிரைக் காக்கும்பொருட்டு, பொது மின்வழங்கல் நின்றவுடன் தாமும் நின்றுவிடுமாறே அவற்றின் இன்வேர்ட்டர்கள் அமைக்கப்பட்டுள்ளன. தனித்தியங்கவல்ல இன்வேர்ட்டரும் மின்கலமும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

குளிரூட்டிகளையும் தாங்கும் மின்கலத்திற்குப் பெரும்பொருள் வேண்டும். வெளியேறும் வழி விளக்கு, கைதிகளின் தடுப்பறை, பதிவறைக் கணினி ஆகியவற்றுக்குத் தனிக் கம்பிச்சுற்று அமைப்பின், சிறு மின்கலமே போதும்.