எந்த இயங்குதளம் நமக்கு ஏற்றது? மாரெட்பள்ளியில் ஒரு மாலை விவாதம்

இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு 2025 அக்டோபர் மாதத்தின் இரண்டு தேதிகள் முக்கியமானவை. அம்மாதம் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 31ஆம் நாளுக்குள் வங்கிகள் அனைத்தும் தம் வலைத்தள முகவரிகளை ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியுமாறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது. பின்னது வங்கியின் வாசலைக் காப்பதற்கான ஏற்பாடு. முன்னது வாடிக்கையாளரின் வீட்டு மேசையைப் பற்றியது. அந்த மேசையின் மீது வங்கிக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அந்த மாதத்தின் ஒரு ஞாயிறு மாலையில், செகந்திராபாத்தின் மேற்கு மாரெட்பள்ளியில் உள்ள ஓர் அடுக்ககத்திற்கு நாம் சென்றிருந்தோம். ரயில்வே, இராணுவம், வங்கி எனப் பணி நிமித்தமாக வந்து, பல தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி இது. அடுக்ககச் சங்கத்தின் பொருளாளர், தென் மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியம், வைப்புத்தொகைகள், சங்கத்தின் பராமரிப்பு நிதி ஆகிய மூன்றையும் 2017இல் வாங்கிய ஒரே கணினியில்தான் அவர் கையாண்டு வருகிறார். கணினியில் ஒரு குறையும் இல்லை. ஆயினும், ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் 11 அதில் ஏற மறுத்தது. கணினிக் கடையில் விசாரித்தபோது, ‘புதிது வாங்கிவிடுங்கள் சார்’ என்று கூறிவிட்டனர். அதற்கு ஒரு மாத ஓய்வூதியத்தைவிடக் கூடுதலாகச் செலவாகும்.

இதற்கு வழி கேட்டுத்தான் அண்டை வீட்டாரை அவர் காப்பிக்கு அழைத்திருந்தார். ஆளுக்கு ஓர் இயங்குதளத்துடன் வந்து சேர்ந்தார்கள்.

மூன்று கட்சிகள்

இயங்குதளம் என்பது கணினியின் நிர்வாகி. விசைப்பலகையில் தட்டுவதைச் செயலிக்கு எடுத்துச் செல்வது, எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று தீர்மானிப்பது, அச்சுப்பொறியை இயக்குவது ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பு. நிர்வாகி ஏமாந்தால், அதன் மேல் இயங்கும் உலாவியும் வங்கிக் கடவுச்சொல்லும் ஏமாறும்.

மூன்றாம் தளத்தில் வசிக்கும் பட்டயக் கணக்காளர் விண்டோஸின் பக்கம் நின்றார். டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே அமைந்தது. டிஎஸ்சி எனப்படும் மின்னணுக் கையொப்ப டோக்கனும், அலுவலகத்தின் பழைய ஸ்கேனரும் அதில் சிக்கலின்றி இயங்குகின்றன. கோளாறு வந்தால் தெருமுனைக் கடைக்காரரே சரிசெய்து தருவார். அதன் குறைகளையும் அவரே ஒப்புக்கொண்டார். உலகின் பெரும்பாலான மேசைக் கணினிகளில் விண்டோஸ் இருப்பதால், தீங்கு நிரல் எழுதுவோரும் முதலில் அதையே குறிவைக்கிறார்கள். 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. பொருளாளரின் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறைச் செயலி. ஒரே ஒரு தலைமுறை இடைவெளியில் அது வெளியே நிறுத்தப்பட்டுவிட்டது.

நூல் வடிவமைப்புப் பணி செய்யும் அம்மையார் ஆப்பிளின் மேக் கணினிக்காகப் பேசினார். கணினியையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் உருவாக்குவதால், ஒன்றுக்கொன்று பொருந்தாத தொல்லை குறைவு. புதிய பதிப்புகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. எழுத்துருக்கள் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் விலை அதிகம். இன்றைய மேக் மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ளவும் இயலாது. அதன் ஆயுளைத் தீர்மானிப்பதும் அதே நிறுவனம்தான். 2025 செப்டம்பரில் வெளிவந்த ‘டஹோ’ பதிப்பே இன்டெல் செயலி கொண்ட மேக் கணினிகளுக்கு இறுதிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. அம்மையாரின் கணினியும் இன்டெல் வகையே. ‘அடுத்த சில ஆண்டுகளில் என் வீட்டிலும் இதே கூட்டம் நடக்கும்’ என்று அவர் சிரித்தபடி கூறினார்.

பொருளாளரின் பேத்தி பொறியியல் மாணவி. ‘இந்தக் கணினி நன்றாகத்தானே இருக்கிறது, தாத்தா. ஏன் தூக்கிப் போட வேண்டும்?’ என்று கேட்ட அவருடைய கட்சி லினக்ஸ். ஃபின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இந்தக் கருவை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பகிரலாம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. 2024இல் வந்த பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும். லினக்ஸ் மின்ட் போன்றவை பழைய கணினிகளிலும் தடையின்றி ஓடுகின்றன.

கணக்காளர் உடனே குறுக்கிட்டார். ‘டேலி ஓடுமா? டோக்கன் வேலை செய்யுமா? நீ விடுதிக்குப் போன பிறகு தாத்தா யாரைக் கேட்பார்?’ மூன்றாவது கேள்விக்கு மாணவியால் விடை கூற முடியவில்லை.

மூன்றும் தடுமாறியவையே

இந்த வாதம் நடப்பதற்கு ஹைதராபாத் பொருத்தமான ஊர்தான். மைக்ரோசாஃப்டின் இந்திய மேம்பாட்டு மையம் 1998இல் இங்கு தொடங்கப்பட்டது. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 2014இல் ஏற்ற சத்யா நாதெள்ளா, மாரெட்பள்ளிக்கு அருகிலுள்ள பேகம்பேட்டையின் ஹைதராபாத் பப்ளிக் பள்ளியில் பயின்றவர். எனினும் ஊர்ப் பற்றை விலக்கிவைத்து வரலாற்றைப் பார்த்தால், எந்தக் கட்சியும் மார்தட்ட இயலாது.

2012இல் ‘ஃபிளாஷ்பேக்’ என்னும் தீங்கு நிரல் ஏறத்தாழ ஆறு லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. மேக் கணினிக்கு வைரஸ் வராது என்ற நம்பிக்கை அன்றோடு கலைந்தது. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் விண்டோஸ் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் முதல் ஆந்திரக் காவல் துறையின் கணினிகள் வரை பாதிக்கப்பட்டன. அந்தத் துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்தோர் தப்பினர்.

2024 மார்ச்சில் லினக்ஸுக்கும் ஒரு சோதனை வந்தது. கோப்புகளைச் சுருக்க உதவும் ‘எக்ஸ்இசட்’ என்னும் சிறு நிரலுக்குள், பங்களிப்பாளராக நடித்த ஒருவர் இரகசிய வழி ஒன்றைப் புதைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஒரு பொறியாளர் அதைக் கண்டறிந்தார். மூல நிரல் வெளிப்படையாக இருந்தமையால் அவரால் அதைத் துருவிப் பார்க்க முடிந்தது. அவர் பணியாற்றியது மைக்ரோசாஃப்டில் என்பது சுவையான செய்தி.

அதே ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றன. ஹைதராபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. மேக், லினக்ஸ் கணினிகளை அது தீண்டவில்லை.

நிறுவனங்கள் தேர்ந்த வழி

பெரிய நிறுவனங்களும் இதே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துகின்றன. அங்கு அதற்கென ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், தனி அமைப்பின் ஆதரவும் உண்டு. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கத்தில், விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் ஒரே கணினியில் இடம்பெற்றன. நம் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ இயங்குதளத்திற்கு மாறுவதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியானது.

எதிர்த் திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின், 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது.

வங்கிகளுக்கும் இந்தப் பாடம் புதிதன்று. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்த பின்னும் பல ஏடிஎம் இயந்திரங்கள் அதிலேயே இயங்கி வந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கால அட்டவணை விதித்து, 2019 ஜூனுக்குள் அனைத்தையும் ஆதரவுள்ள பதிப்புக்கு மாற்றப் பணித்தது. எந்த நிறுவனத்தின் இயங்குதளம் என்று அந்த ஆணை கேட்கவில்லை. ஆதரவு உண்டா என்று மட்டுமே கேட்டது.

பாதையில் நடப்பவர் யார்?

அனைவரும் பேசி ஓய்ந்தபின் பொருளாளர் தம் துறை அனுபவத்தைக் கூறினார். மீட்டர் கேஜ் நல்லதா, பிராட் கேஜ் நல்லதா என்று இரயில்வேயில் நெடுங்காலம் வாதம் நடந்தது. ‘ஆனால் எந்தப் பாதையானாலும், நாள்தோறும் ஒருவர் அதில் நடந்துபோய்த் தளர்ந்த கீயை அடித்து இறுக்குகிறாரா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆள் நடக்காத பாதையில் வண்டி விடமாட்டோம்’ என்றார் அவர்.

அப்போது அதுவரை பேசாதிருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாய் திறந்தார். சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையம் எனச் சொல்லிக்கொண்டு அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. கணினியில் வைரஸ் இருப்பதாகக் கூறி, தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் செய்தார்கள். கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணையும் கேட்டு வாங்கினார்கள். சேமிப்பின் ஒரு பகுதி அன்றே போயிற்று. ‘என் கணினி புத்தம் புதியது, எல்லாப் புதுப்பிப்பும் இருந்தது. கதவை நானே அல்லவா திறந்துவிட்டேன்’ என்று அவர் கூறியபோது, அறையில் சிறிது நேரம் பேச்சில்லை.

இறுதியில் எந்தக் கட்சியும் முழு வெற்றி பெறவில்லை. சங்கத்தின் கணக்கு டேலியில் இருப்பதால், பொருளாளர் விண்டோஸ் 10க்கான நீட்டிப்புப் புதுப்பிப்பில் சேர்வது. அது 2026 அக்டோபர் 13 வரை அவருக்கு அவகாசம் தரும். அதற்குள் சங்கம் தனக்கென ஒரு கணினி வாங்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைப்பது. அதன்பின் பழைய கணினியில் லினக்ஸை நிறுவி, தம் சொந்த வரவுசெலவுக்கு அவர் வைத்துக்கொள்வது. பேத்தி விடுதி திரும்புமுன் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிக் காட்ட வேண்டும். அச்சுப்பொறி, வைஃபை, தமிழ்த் தட்டச்சு ஆகிய மூன்றும் வேலை செய்தால்தான் மாற்றம் என்பது தாத்தாவின் நிபந்தனை.

வாசகர்கள் செய்ய வேண்டியவை

• உங்கள் இயங்குதளத்தின் பதிப்பையும், அதன் ஆதரவு முடியும் நாளையும் அறிந்து குறித்து வையுங்கள்.

• கைப்பேசிக்கும் இதே விதி பொருந்தும். ஆண்ட்ராய்டு பேசியில் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகள் வரும் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. சில உயர்விலைப் பேசிகளுக்கு ஏழு ஆண்டுகள் என உறுதியளிக்கப்படுகிறது. விலை குறைந்தவற்றுக்கு அது மிகக் குறைவு. வாங்குமுன் கேளுங்கள்.

• இயங்குதளத்தை மாற்றுமுன் ஆவணங்களையும் படங்களையும் வெளி வன்வட்டில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பாருங்கள்.

• உங்களுக்கு இன்றியமையாத மென்பொருள், டோக்கன், அச்சுப்பொறி ஆகியவை புதிய தளத்தில் இயங்குமா என்று முன்னதாகச் சோதியுங்கள். கோளாறு வந்தால் உதவ யார் இருக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

• ஆதரவு முடிந்த கணினியை மாற்ற இயலாத நிலையில், வங்கிப் பணிகளை அதில் செய்யாதீர்கள். புதுப்பிப்புப் பெறும் கைப்பேசியிலோ கிளைக்கு நேரில் வந்தோ செய்யுங்கள்.

• வங்கியின் முகவரி ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடிகிறதா என்று பார்த்த பின்னரே கடவுச்சொல்லை இடுங்கள். ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், தயக்கமோ வெட்கமோ வேண்டாம். உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். விரைந்து தெரிவித்தால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு கூடுகிறது.