சராவ்: தனித்து வாழும் மலையாடு

தொழிலின் பொருட்டு இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு மலைகளிலும் குடியேறியுள்ள நம்மவர் சிலர், சராவ் என்னும் விலங்கின் பெயரைக் கேட்டிருக்கலாம். கண்டவர் மிகச் சிலரே.

ஆடும் மானும் கலந்தாற்போன்ற தோற்றமுடையது இது, எனினும் கலப்பினமன்று. கழுதையினுடையவை போன்ற நீண்ட காதுகள், பிடரி மயிர், பின்னோக்கி வளைந்த குறுங்கொம்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண், பெண் இரண்டிற்கும் கொம்புண்டு. மிசோரம் மக்கள் இதனைச் 'சாசா' என்பர். அம்மாநிலத்தின் விலங்கும் இதுவே.

நம் வரையாட்டிற்குச் சராவ் தூரத்து உறவு. ஆயினும் வாழ்க்கை முறை வேறு. வரையாடு திறந்த புல்வெளியில் மந்தையாக மேயும். சராவோ செங்குத்தான சரிவின் அடர்காட்டில் தனித்தே வாழும். பகலில் பாறை நிழலில் ஒதுங்கியிருந்து, விடியலிலும் அந்தியிலும் தழை மேய வெளிவரும். பழகிய தடத்திலேயே நடக்கும்; குறித்த இடத்திலேயே புழுக்கையிடும். இவ்வொழுங்கே கண்ணி வைப்பவனுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. ஏறத்தாழ ஏழு மாதச் சினைக்குப்பின் பெரும்பாலும் ஒரே குட்டி ஈனுவதால், வேட்டையில் குறைந்த தொகை விரைவில் பெருகுவதில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 2020 டிசம்பரில் இமாசலத்தின் ஸ்பிதி பகுதியில், ஹுர்லிங் என்னும் சிற்றூருக்கருகே ஒரு சராவ் காணப்பட்டது; அக்குளிர்ப் பாலைநிலத்தில் அதுவே முதற்பதிவு.

சட்டம் கண்ணியைத் தடுக்கலாம்; ஆசையைத் தடுப்பது நம் கடன். மலையூர்ச் சந்தையில் காட்டிறைச்சி விலைக்கு வரின், வாங்க மறுப்போமாக.