கேட்காத கேள்விக்குப் போட்ட கணக்கு

மன்னார் பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பார்க்க வெளியூர்க்காரர் வான் பிடித்து வருகிறார்கள். ஊர்ப் பெண்களுக்கு அதை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்ற வேண்டும்; ஒடிந்தால் விலை விழும். கை வலையிலும் வாய் ஊர்க்கதையிலும் இருக்கும். ஒரு பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கும்.

கரு தானாகக் கலைந்தால் 'அழிஞ்சுபோச்சு'. அவளாகக் கலைத்தால் 'அழிச்சுப்போட்டாள்'. அழிஞ்சு, அழிச்சு: ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். முன்னதற்கு அனுதாபம், பின்னதற்கு இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கலைக்க முடியாது. மூன்று வருடம் வரை சிறை. பிள்ளை அசையத் தொடங்கிய பின்னென்றால் ஏழு வருடம் வரை. கலைத்துவிட்டவருக்கும் அதுதான், அந்தப் பெண்ணுக்கும் அதுதான்.

இதை மாற்றலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கணக்குத் தயாராக இருக்கிறது: மன்னார் கத்தோலிக்கக் கரை, பள்ளிமுனை புனித லூசியா கோயிலடி, ஆகவே அங்கே எல்லாரும் எதிர்ப்பு. கணக்குச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே கணக்கை ஒரு முழு நாட்டுக்கும் போட்டுப் பிழைவிட்டவர்கள் உண்டு.

அயர்லாந்தில் 1983இல் நடந்த வாக்கெடுப்பில் 66.9 வீதமானோர், கருவுக்கும் தாய்க்கும் உயிர்வாழச் சம உரிமை என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 2018 மே 25ஆம் திகதி 66.4 வீதமானோர் அதே வரியை நீக்கச் சொன்னார்கள். 35 வருடத்தில் நாடு அப்படியே மறுபக்கம் புரண்டு படுத்தது.

தலைநகர் டப்ளின் 'ஆம்' சொல்லும் என்பது தெரிந்ததே. மேற்குக் கரைக் கிராமங்கள்தான் சந்தேகம். எண்ணி முடித்தபோது 40 தொகுதிகளில் 39 'ஆம்'. 2015இல் ஒருபாலினத் திருமணத்தை நாட்டிலேயே தனியாக நின்று மறுத்த ரொஸ்கொமன் பகுதிகூட இம்முறை 57 வீதம் 'ஆம்' என்றது. எஞ்சியது வடமேற்கு மூலையிலுள்ள டொனிகால் ஒன்றுதான். நாட்டின் மிகப் பெரிய மீன்பிடித் துறைமுகமான கில்லிபெக்ஸ் அங்கேதான் இருக்கிறது. கடலும் கோயிலும், தலைநகருக்கு எட்டாத தூரமும்: பள்ளிமுனைக்காரருக்குப் பழகிய முகம்.

அங்கே 'இல்லை' என்றவர்கள் 51.9 வீதம். அதாவது நூற்றில் 48 பேர் 'ஆம்'. வரைபடத்தில் ஒரே நிறம் பூசிய அந்த மாவட்டத்துக்குள் பாதிப் பேர் வேறு நிறம். வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் ஊரைவிட வயதே பெரிய பிளவாகத் தெரிந்தது. 65 வயதைத் தாண்டியவர்கள் மட்டுமே பெரும்பான்மையாக மறுத்திருந்தார்கள். பிளவு மாவட்ட எல்லையில் இல்லை, அம்மம்மாவும் பேத்தியும் சாப்பிடும் அதே அடுப்படியில் இருந்தது.

அந்தப் பேத்திகள் பலருக்கு ஒரு பெயர் மனதில் இருந்தது. கர்நாடகத்தின் பெல்காமிலிருந்து அயர்லாந்துக்குப் போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவர், 31 வயது. 17 வாரத்தில் கரு தங்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடிக்கிறது என்று கலைக்க மறுத்தார்கள். 2012 ஒக்டோபர் 28இல் கிருமி இரத்தத்தில் பரவி இறந்தார்.

இலங்கையில் சட்டத்தைத் திருத்த மக்கள் தீர்ப்பு தேவையே இல்லை. நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். வல்லுறவு, முறைதகா உறவு, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும் இடம்விட 1995இல் வந்த திருத்தம் மீளப்பெறப்பட்டது. 2017இல் அமைச்சரவை வரை போனது, கத்தோலிக்க ஆயர்களின் எதிர்ப்போடு நின்றுவிட்டது. ஆயர்கள் தங்கள் நம்பிக்கையைச் சொல்வதில் பிழையில்லை. அதையே பூசைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணின் வாக்காகவும் எண்ணிவிடுவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

இந்த நாடு தன் மக்களிடம் நேராக ஒரு கேள்வி கேட்டது ஒரேயொரு முறை, 1982 டிசம்பர் 22இல். நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள், நாடு 54.7 வீதத்தில் விளக்கு என்றது. அன்று வாக்களித்த பெண்கள் இப்போது அம்மம்மாக்கள். வலைக்கருகே குந்தியிருந்து, பேத்திக்கு நண்டு கழற்றப் பழக்குகிறார்கள்.