வாலடியைக் கடிக்கிற நாய்

ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கும். பின்னங்கால் தரையில் ‘டக் டக்’கென்று அடிபடும். நாய் சொறிகிறது, தூங்க முடியாமல் எழுந்து இடம் மாறிப் படுக்கிறது, மறுபடியும் சொறிகிறது. நாம் “சொறி பிடிச்சிருச்சு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சிலர் மண்ணெண்ணெயோ வண்டியில் வடித்த பழைய ஆயிலோ எடுத்துத் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம் உள்ளேயும் போகும்.

எங்கே சொறிகிறது என்று முதலில் பாருங்கள். திரும்பித் திரும்பி வாலடியைக் கடித்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. பூச்சி கண்ணில் படவில்லையா? நெருக்கமான சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஓரிரு கடியே நாள்கணக்கில் அரிக்கும்.

காது விளிம்பிலும் முழங்கையிலும் முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் சொறிச் சிற்றுண்ணியாக இருக்கலாம். அது வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால், காதும் அடிக்கடி சீழ்பிடித்தால், ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். காரணம் சாப்பாடா என்று அறிய, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண்.

தெள்ளுக்கு வருவோம். நாயை மட்டும் குளிப்பாட்டினால் போகாது. முட்டைகள் விரிப்பிலும் சோபா இடுக்கிலும் உதிர்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். உண்ணியும் அப்படித்தான்: ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர் சொல்லும் மருந்தை இடைவெளி விடாமல் கொடுங்கள். ஆனால் பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே வாங்கும்.

குளிப்பாட்டும்போது நம் சோப்பும் ஷாம்பூவும் நாய்க்கு ஆகாது. நாயின் தோலில் நம் தோலில் இருக்கிற அளவு அமிலத்தன்மை இல்லை.

இன்றிரவு அரிப்பு தாங்கவில்லையென்றால் குளிர்ந்த நீரை 10 நிமிடம் மெல்ல ஊற்றி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். காலையில் மருத்துவரிடம் போகும்போது, கறை படிந்த அந்த வெள்ளைத் துணியையும் எடுத்துப் போங்கள்.